கென்னடி வக்கீலும் தட்டம்மையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்காவிலுள்ள ராபர்ட் எப். கென்னடி ஜூனியர் என்பவரைப் பற்றியதாகும். அவரைத் திட்டுவதற்கோ புகழ்வதற்கோ நாம் இங்கு கூடவில்லை. ஒரே மனிதர் ஒரு காரியத்தில் ஆதாரத்தைக் கொண்டு ஜெயித்துவிட்டு, மற்றொரு காரியத்தில் ஆதாரத்தைத் தள்ளிவிட்டால் அதன் பலனை யார் அனுபவிக்கிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

அவர் 1954-ல் பிறந்தவர். பெரிய தகப்பனார் ஜனாதிபதியாயிருந்து 1963-ல் சுடப்பட்டு மாண்டார். தகப்பனார் 1968-ல் அதே கதியடைந்தார். இவர் வாலிபத்தில் ஹெராயின் போதையில் விழுந்து 1983-ல் பிடிபட, கோர்ட்டார் பொதுத்தொண்டு செய்யும்படி சொன்னார்கள். அந்தத் தொண்டு ஹட்சன் நதியைக் காக்க மீன்பிடிக்கிறவர்கள் ஏற்படுத்திய சங்கத்தில் கிடைத்தது. அந்த நதியில்தான் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1977 வரை சுமார் 30 வருஷம் பி.சி.பி. என்கிற விஷத்தைக் கொட்டி, மீன்களைத் தின்ன லாயக்கில்லாமல் செய்திருந்தது. இவர் 1987-ல் பேஸ் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆற்றைக் கெடுப்பவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். 2018-ல் பள்ளிக்கூடத்துத் தோட்டவேலைக்காரர் ஒருவர் களைக்கொல்லியால் புற்றுநோய் வந்ததாக மான்சாண்டோ மேல் போட்ட வழக்கிலும் இவர் வக்கீல்களில் ஒருவர். இந்த வேலையை நாம் மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் 2005-ல், தடுப்பூசி மருந்தில் கலந்த தைமரோசால் என்ற பாதரசச் சரக்கினால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதை வெளியிட்ட சலோன் பத்திரிகை, அதில் பிழைகள் மலிந்திருந்ததால் 2011-ல் வாபஸ் வாங்கிக்கொண்டது. கம்பெனிக்காரர்கள் பொய் சொல்வதில்லையா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சொல்லுவார்கள், சந்தேகப்படுவது நியாயமே. சந்தேகத்தைப் பரீட்சித்தார்களா இல்லையா என்பதல்லவா கேள்வி? டென்மார்க்கில் 1992-ல் அந்தச் சரக்கை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2001-க்குள் சில ஃப்ளூ ஊசிகள் நீங்கலாகக் குழந்தைகளின் ஊசிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாதரசம் போயிற்று, ஆட்டிசக் கணக்கு குறையவில்லை. கென்னடியோ பேச்சை நிறுத்தவில்லை. வக்கீல் தன் கட்சிக்கு வேண்டிய சாட்சியை மட்டும் கூண்டிலேற்றுவது அவர் தொழில் தர்மமாயிருக்கலாம். நோய் விஷயத்தில் எதிர்ச் சாட்சியையும் தானே கூப்பிட வேண்டும்.

இப்படிப்பட்டவர் 2025 பிப்ரவரியில் 52-க்கு 48 ஓட்டில் அமெரிக்க சுகாதார மந்திரியானார். ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் கமிட்டியிலிருந்த 17 பேரையும் ஒரே உத்தரவில் நீக்கினார். அவ்வருஷம் டெக்சாஸில் தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் தட்டம்மையால் இறந்தன. 2000-ல் அந்நோயை ஒழித்துவிட்டதாக அறிவித்த தேசம் அது!

சமோவாத் தீவின் கதையையும் கேளுங்கள். அங்கு மொத்த ஜனங்களே சுமார் 2 லட்சம். 2018-ல் நர்சுகள் தடுப்பூசித் தூளில் தண்ணீருக்குப் பதிலாக வேறொரு மருந்தைத் தவறிக் கலந்து போட்டதால் இரண்டு சிசுக்கள் மாண்டன. குற்றம் கலந்த கையினுடையதே தவிர தடுப்பூசியினுடையதல்ல. ஆயினும் சர்க்கார் ஊசியைப் பல மாதம் நிறுத்தியது, ஜனங்களும் பயந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, 2019 ஜூனில் கென்னடி அங்கு போய்ப் பிரதம மந்திரியையும் தடுப்பூசி எதிர்ப்பாளர்களையும் கண்டார். தம் பயணத்திற்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். பயம் அவர் வருமுன்பே இருந்தது மெய்தான். ஆனால் சில மாதங்களில் தட்டம்மை பரவி, குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது, நவம்பரில் அதே பிரதம மந்திரிக்குக் கடிதமெழுதி, தடுப்பூசியே காரணமாயிருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பியவர் யார்? அவரேதான்.

மாண்டவர்கள் 83 பேர். பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். டிசம்பரில் சர்க்கார் இரண்டு நாள் ஆபீசுகளை மூடி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லிற்று. ஊசி போடுகிறவர்கள் அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக நுழைந்தார்கள்.