தலைப்பாகை சொல்லும் கதை



வெயிலில் வேலை செய்பவர்கள் தலையில் துண்டு கட்டுகிறார்கள். எதற்காக? வெயில் தாக்காமல் இருக்க. சுமை தூக்கும்போது அதுவே சும்மாடு ஆகும்.

அரபு நாடுகளிலும் இப்படித்தான். அங்கே அந்தத் துணிக்குக் கூஃபியா என்று பெயர். சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்துத் தலையில் போடுவார்கள். நழுவாமல் இருக்க மேலே ஒரு கறுப்புக் கயிறு. வெயில், மணல், குளிர் மூன்றையும் அது தடுக்கும்.

பாலஸ்தீனத்தில் உழவர்கள் இதைக் கட்டினார்கள். நகரத்தார் சிவப்புக் குல்லாய் அணிந்தார்கள். 1936 முதல் 1939 வரை அங்கே ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. அப்போது நகரத்தாரும் குல்லாயை விட்டு, உழவர் துணியைக் கட்டினார்கள். ஏன் தெரியுமா? போராளி யார், மற்றவர் யார் என்று படையினருக்குத் தெரியக் கூடாது!

இப்போது நம் நாட்டின் புனே நகரத்தைப் பாருங்கள். மராத்தியில் தலைப்பாகைக்குப் பகடி என்று பெயர். தமிழில் பகடி என்றால் கேலி. புனேயிலோ அது மரியாதை. புனேரி பகடியைத் தினமும் சுற்ற வேண்டாம். முன்பே கட்டி வைத்திருப்பார்கள். தொப்பி போல எடுத்து அணியலாம். திலகரும் ரானடேயும் அணிந்தது இதுதான். 2009இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே புனேயில் வாழ்ந்தவர் ஜோதிராவ் புலே. அவர் சாதாரண மக்களைப் போலத் துணியைச் சுற்றித் தலைப்பாகை கட்டினார். அவரும் அவர் மனைவி சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் எழுத்துச் சொல்லித் தந்தார்கள்.

2014இல் புனே பல்கலைக்கழகத்துக்குச் சாவித்திரிபாயின் பெயர் சூட்டப்பட்டது. 2019இல் அங்கே பட்டமளிப்பு விழா. விழா உடையில் புனேரி பகடி இருந்தது. மாணவர் சிலர் எதிர்த்தார்கள். எல்லோருக்கும் கல்வி தந்த புலேயின் தலைப்பாகைதான் வேண்டும் என்றார்கள். புனேரி பகடி ஊரின் பெருமை என்றார்கள் மற்றவர்கள்.

வெறும் துணிக்கு இத்தனை சண்டையா? நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். மேல்சாதியார் எதிரே வந்தால் உழைப்பவர் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும். இடுப்பில் கட்ட வேண்டும். அந்தக் காலம் இருந்தது அல்லவா? அவிழ்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் துணி அல்ல என்று.

உங்கள் ஊரில் யார் தலைப்பாகை கட்டினார்கள்? யார் கட்டக் கூடாது என்றார்கள்? பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை உங்கள் கையால் எழுதி வையுங்கள்.