விதைக்கு எடுத்து வைக்கிற கதிர்

(குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல எங்க கொல்லையில நடந்ததைச் சொல்லிடுறேன். ஒரு வருஷம் மக்காச்சோளம் நல்லா விளைஞ்சது. இவ்வளவு பெரிய கதிரை வெச்சுக்கிட்டு மறுபடியும் ஏன் காசு குடுத்து விதை வாங்கணும்னு நெனச்சேன். பெருங்கதிரா பொறுக்கி விட்டத்துல கட்டித் தொங்கவிட்டேன். என் மாமியார் கேழ்வரகுக்கு அப்படித்தான் செய்வாங்க. அடுத்த ஆடியில அதையே விதைச்சேன். முளைப்பு நல்லாத்தான் இருந்தது. வளர வளரத்தான் தெரிஞ்சது. ஒரு செடி ஆள் உயரம், பக்கத்துச் செடி இடுப்பு உயரம். ஒண்ணு கதிர் வாங்கிடுச்சு, இன்னொண்ணு பூவே எடுக்கலை. பாதிகூடத் தேறலை. உரத்துக்குக் குழுவுல வாங்கின கடனை ரெண்டு ஆட்டை வித்துத்தான் கட்டினேன்.

வீட்டுக்காரர் மண்ணுல கோளாறுன்னார். அக்கம்பக்கத்துல கண்ணு பட்டுடுச்சுன்னாங்க. ரெண்டும் இல்லை. என்ன காரணம்னு அப்புறம் ஒரு பயிற்சியிலதான் விளங்குச்சு.

மக்காச்சோளம் மெக்சிகோ நாட்டுல பிறந்த பயிர். சுமார் 9000 வருஷத்துக்கு முன்னே அது வெறும் புல். அதோட கதிர் நம்ம விரல் நீளம்தான். அதுல பத்து மணி இருந்தாலே அதிகம். அதுவும் கல்லு மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கும். அந்த ஊர் சனங்க ஓடு மெலிசா இருக்கிறது, மணி கூட இருக்கிறதுன்னு பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்தாங்க. தலைமுறை தலைமுறையா அப்படிச் செஞ்சு வந்ததுதான் இன்னிக்கு நாம பார்க்கிற கதிர். ஒரு வேடிக்கை பாருங்க, அந்தப் புல்லு தானா விதையை உதிர்த்துத் தானா முளைச்சுக்கும். மக்காச்சோளத்தால அது முடியாது. உரிச்சு ஊன்ற மனுஷர் கை வேணும்.

நம்ம கல்வராயன் மலைச் சாமையும் அப்படித்தான் வந்திருக்கு. அது நம்ம இந்தியாவுல பயிராக்கின தானியம். காட்டுப் புல்லுல மணி முத்தின உடனே கொட்டிடும். அறுக்கப் போற நேரத்துல கொட்டாம நின்ன கதிர்தான் வீட்டுக்கு வந்தது, அதுதான் மறுவருஷம் விதையாச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. அரிவாளே பொறுக்கிக் குடுத்துடுச்சு!

ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துப் புது ரகம் எடுக்கிறது அடுத்த வழி. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளைச் சுத்திக் கரும்பு போடுறோம் இல்லையா, அதோட கதை கோயம்புத்தூர்ல இருக்கு. 1912ல அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. இனிப்பான கரும்பையும், இனிப்பே இல்லாத, ஆனா எதையும் தாங்குற காட்டு நாணலையும் சேர்த்தாங்க. 1918ல கோ 205 ரகம் வந்தது. நமக்குத் தெரிஞ்ச கோ 86032ம் அந்த நிலையத்து ரகம்தான். 1930கள்ல ஜானகி அம்மாள்னு ஒரு விஞ்ஞானி அங்கே வேலை பார்த்தாங்க. தலச்சேரியில 1897ல பிறந்தவங்க. பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறதே அபூர்வமா இருந்த காலத்துல படிச்சு வந்து, கரும்பையும் மக்காச்சோளத்தையுமே சேர்த்துப் பார்த்தாங்க!

இப்ப என் கொல்லைக்கு வர்றேன். நான் வாங்கினது வீரிய ஒட்டு விதை. வேற வேற குணமுள்ள தாய், தகப்பன் செடிகளைச் சேர்த்து எடுக்கிறது. தாய் வரிசையில உச்சிப்பூவைக் கிள்ளிடுவாங்க, தகப்பன் வரிசை மகரந்தம் காத்துல வந்து சேரும். அந்த முதல் பிள்ளைகள் எல்லாம் ஒரே சீரா, திடமா வரும். அதுங்களோட பிள்ளைகள்ல தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிஞ்சு வெளிய வந்துடும். கதிர் எவ்வளவு பெருசா இருந்தாலும் சரி, அதுல எடுக்கிற விதை பழைய மாதிரி வராது. விதை வித்தவங்க மேல தப்பில்லை, பையில எழுதியிருந்ததை நான்தான் படிக்கலை.

சாமை, தினை, கேழ்வரகு அப்படி இல்லை. பெரும்பாலும் தன் பூவுலேயே தான் மணி பிடிக்கும். அதனால நம்ம விதையையே எடுத்து வைக்கலாம். ஆனா களத்துல தூத்தின குவியல்லேர்ந்து அள்ளி வைக்காதீங்க. அதுல கலப்பும் இருக்கும், சொத்தையும் இருக்கும். அறுப்புக்கு முன்னாடியே கொல்லைக்குள்ள நடந்து, சாயாத, நோய் இல்லாத, ஒரே சமயத்துல முத்தின கதிரா நிறையச் செடியில பார்த்துத் தனியா அறுத்து வைங்க. நாலஞ்சு செடியோட நிறுத்திடாதீங்க, குணம் சுருங்கிப் போயிடும்.

குச்சிக்கிழங்குக்கு விதையே வேண்டாம், குச்சிதான். தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும். நோயும் கூடவே வரும். இலை மஞ்சள் பாரிச்சுச் சுருண்ட செடியில குச்சி எடுத்தா அடுத்த வருஷக் கொல்லையும் மஞ்சள்தான். இலை உதிர்ந்த பிறகு எது நோஞ்சான்னு தெரியாது. இலை இருக்கும்போதே நல்ல செடிக்கு ஒரு துணி கட்டி வைங்க.

வெள்ளிமலைப் பக்கத்து அக்காங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். சாமையை விட்டுட்டு மரவள்ளிக்குப் போனவங்க பலர் இருக்கீங்க. காசுப் பயிர் வேணும், வேண்டாம்னு சொல்லலை. யார் வீட்டுப் பானையிலயாவது பழைய சாமை விதை கிடந்தா, அடுத்த கூட்டத்துக்கு ஒரு படி கொண்டாங்க. பழைய விதை முளைக்காமப் போயிடும். இந்த ஆடியிலேயே ரெண்டு சென்ட்ல விதைச்சுப் புது விதை எடுத்துடலாம். எங்க கொல்லையில இடம் தர்றேன்.