மூன்று மாதக் கணக்கும் முடங்கிய தறியும்

(ஆரணி நகரத் தோழர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரணி என்றதும் நாட்டார் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையிலே அமைந்த இந்நகரின் பெயரை, மணமேடைதோறும் சுமந்து செல்கிறது இங்கே நெய்யப்படும் சேலை. புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது ஆரணிப் பட்டு. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் பட்டின் பளபளப்பைப் பாட நான் வரவில்லை. கால்வாயைப் பற்றியும், குப்பையைப் பற்றியும், குழாயைப் பற்றியும், தெருவின் மட்டத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். 'இதுவா அரசியல்?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வீட்டு வாசலைத் தொடுகிற அரசியல் இதுதான் என்பதே அவர்களுக்கு என் விடை.

கோட்டையிலே இயற்றப்படும் சட்டம் கடலென்றால், நகராட்சி குடத்துநீர். கடலின் பெருமையைப் பேசலாம். தாகம் தீர்ப்பது குடத்துநீரே. அந்தக் குடம் நிறைந்திருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்ப்பது யார் வேலை? நம் வேலை.

நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்து பாருங்கள். பொதுப் பிரிவு, வருவாய்ப் பிரிவு, கணக்குப் பிரிவு, பொறியியல் பிரிவு, பொது சுகாதாரப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு என்று பணிகள் பகுக்கப்பட்டிருக்கின்றன. வரவுசெலவுக்கும் தனித்தனிப் பேரேடுகள்: வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி. பகுத்து வைத்ததில் பிழையில்லை. வரி வாங்குவோரும் சாலை போடுவோரும் ஒருவராக இருக்க இயலாது. ஒவ்வொரு பிரிவும் தான் முடித்த வேலையை எழுதுகிறது. இத்தனை மீட்டர் கால்வாய் தூர் வாரப்பட்டது, இத்தனை விளக்கு மாற்றப்பட்டது, இத்தனை ரூபாய் வரி வசூலானது, இத்தனை டன் குப்பை அகற்றப்பட்டது என்று மூன்று மாத வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால், நகரமே சொர்க்கமாகிவிட்டதோ என்று தோன்றும்!

அந்தக் கணக்கைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. போதாது என்கிறேன். ஏன் போதாது? நகரத்தை ஆறு பிரிவுகளாகப் பகுக்கலாம். நெசவாளியின் வீட்டைப் பகுக்க முடியாது. எல்லாப் பிரிவுகளின் வேலையும், வேலையின்மையும் அந்த ஒரே வாசலில் வந்து சேர்கின்றன.

குழித்தறியை அறியாத நண்பர்களுக்குச் சொல்லுகிறேன். வீட்டுத் தரையிலே குழி வெட்டி, அதன் விளிம்பிலே அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிபலகையை மிதித்து நெய்வது குழித்தறி. நெசவாளியின் காலுக்குக் கீழே இருப்பது தெருவின் மட்டத்தைவிடத் தாழ்ந்த பள்ளம். தெருவிலே நீர் நின்றால் முதலில் எங்கே புகும்? அந்தக் குழிக்குள்தான். சுவரும் தரையும் கசிந்தாலும் ஊறிச் சேர்வது அங்கேதான். குழியில் நீர் நிற்கும்போது கால் வைக்க முடியாது. கால் வைக்காமல் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலி கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கு விடுப்பு நாள் ஊதியம் உண்டு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நெசவாளிக்கு, நின்றுபோன நாள் நெஞ்சில் விழும் அடி.

தெருவும் அவருக்கு வெறும் வழியன்று. காலைப் பொழுதிலே பாவை நீளமாக நீட்டிப் பதப்படுத்தும் இடம் தெரு. தெருவிலே சேறு, தெருவிலே குப்பை என்றால், மற்றவர்க்கு அது முகச்சுளிப்பு, நெசவாளிக்கு வேலைத்தடை. ஆகவே இந்நகரிலே துப்புரவு என்பது உடல்நலம் பற்றியது மட்டுமன்று, உற்பத்தி பற்றியதுமாகும்.

இப்போது ஓராண்டை நான்காகப் பகுத்துப் பாருங்கள். ஏப்ரல், மே, சூன்: குழாயடியிலே குடங்கள் வரிசை கட்டும் கோடை. புதிய நிதியாண்டும், சொத்துவரியின் முதல் அரையாண்டும் பிறக்கும் காலம். சூலை, ஆகஸ்டு, செப்டம்பர்: வடகிழக்குப் பருவமழை வருமுன் கால்வாய்களைத் தூர் வாரி முடிக்க வேண்டிய காலம். அக்டோபர், நவம்பர், டிசம்பர்: மழை, மழையோடு கொசு, கொசுவோடு காய்ச்சல். சனவரி, பிப்ரவரி, மார்ச்சு: வரி நிலுவை வசூல், அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், கணக்கு முடிப்பு. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் உரிய கடமை ஒன்று உண்டு. ஆகஸ்டிலே செய்ய வேண்டியதை நவம்பரிலே செய்தால், கணக்கிலே அதுவும் வேலைதான். தறிக்குழிக்கு அது காலம் கடந்த கருணை!

தூர் வாருதலையே எடுத்துக்கொள்வோம். வாரிய சேற்றைக் கால்வாய்க் கரையிலேயே குவித்து விட்டுச் சென்றால் என்ன ஆகும்? அடுத்த மழை அதை மீண்டும் உள்ளே தள்ளும். ஏட்டிலே மீட்டர் இருக்கும். கால்வாயிலே சேறும் இருக்கும். தூர் வாருவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நீர் வெளியேறும் கடைசி வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். மேலே துப்புரவு செய்து கீழே அடைப்பை விட்டுவைத்தால், மேல்தெரு நீர் விரைந்தோடிக் கீழ்த்தெருவிலே குளமாகும். மேல்தெருவுக்கு நன்மை, கீழ்த்தெருவுக்குத் துன்பம். கணக்கிலோ இரண்டும் ஒரே சாதனை!

சாலையைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை. அதன்மேலே மற்றொரு சாலை. சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது. இந்தக் கேட்டை உணர்ந்துதான் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். மாடி வீட்டுக்காரருக்கு அது இரண்டு படிகள் பற்றிய செய்தி. குழித்தறிக்காரருக்கு வாழ்வு பற்றிய செய்தி. பொறியியல் பிரிவின் ஏட்டிலே 'புதுச் சாலை' என்று பெருமையோடு எழுதப்படுவதே, நெசவாளி வீட்டிலே 'புதுப் பள்ளம்' ஆகிவிடக் கூடும். ஒரு பிரிவின் சாதனை இன்னொரு வாசலிலே சோதனையாகும்போது, அதை எந்தப் பிரிவு எழுதும்? எழுத ஏடு இல்லை. அந்த ஏட்டைத் தொடங்க வேண்டியவர்கள் நீங்கள்!

எண்ணுக்குப் பின்னே மனிதனைக் காணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் பிட்டி தியாகராயர். நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர். மாநகராட்சிப் பள்ளிகளிலே பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவர் 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஏன் வரவில்லை என்று கேட்டபோது, விடை பசி என்று தெரிந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியிலே, ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவிலே உணவு வழங்க மன்றம் தீர்மானித்தது. கல்விக் கணக்கிலே இருந்த குறைவுக்கு மருந்து அடுப்படியிலே இருந்தது! கால்வாய்க் கணக்கிலே இருக்கிற குறைவு தறிக்குழியிலே தெரிகிறது என்று நான் சொல்வதும் அதே வழிதான்.

கேள்வி கேட்க மன்றம் வேண்டுமே! மன்றமே இல்லாத காலத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றது. 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையிலே வரிசைப்படுத்தியது. ஆயினும் தமிழகத்திலே 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 வரையில் நகர்ப்புறத் தேர்தல் நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே நடத்தினர். அப்போதும் கால்வாய் இருந்தது, கணக்கும் இருந்தது. 'எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்க மக்களுக்கு உறுப்பினர் இல்லை. அந்த இழப்பை எந்தப் பேரேடு காட்டும்?

2022ஆம் ஆண்டில் மற்றொரு கதவும் திறந்தது. வார்டுக் குழுவும் பகுதிச் சபையும் அமைக்க விதிகள் வந்தன. பகுதிச் சபை கூடுவதற்கு ஆண்டிலே நான்கு நாள்கள் குறிக்கப்பட்டன: சனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இடைவெளி சீராக இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு நான்கு முறை! அலுவலகம் மூன்று மாத வேலையைத் தொகுக்கிறது. மக்களும் ஆண்டுக்கு நான்கு முறை கூடலாம். இந்த இரண்டையும் எதிரெதிரே உட்கார வைப்பதுதான் நம் பணி.

பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரிலே 1989ஆம் ஆண்டு முதல், பகுதி மக்கள் கூடி, நகராட்சி முதலீட்டிலே எதற்கு முன்னுரிமை என்று முடிவு செய்யும் முறை தொடங்கியது. அண்டையிலுள்ள கேரளத்திலே 1996ஆம் ஆண்டு மக்கள் திட்ட இயக்கம் பிறந்தது. அங்கே மக்கள் வானத்திலிருந்து இறங்கியவர்களல்லர். கூட்டத்துக்கு வந்தார்கள், கையிலே விவரம் கொண்டு வந்தார்கள். அவ்வளவே வேறுபாடு.

ஆதலால், தோழர்களே, உங்களிடம் மூன்று வேலைகள் கேட்கிறேன்.

ஒன்று: தறிக் கணக்கு. உங்கள் வார்டிலே குழித்தறிகள் எத்தனை, மழைநீராலும் கால்வாய் நீராலும் எத்தனை நாள் நின்றன என்று ஒரு குறிப்பேட்டிலே எழுதுங்கள். ஒரு தெருவிலே 20 தறிகள் 5 நாள் நின்றன என்று வைத்துக்கொள்வோம். அது 100 தறிநாள் இழப்பு. 'எங்கள் தெருவிலே தண்ணீர் நிற்கிறது' என்றால் அது முறையீடு. '100 தறிநாள் போயிற்று' என்றால் அது சான்று. முறையீட்டைத் தள்ளி வைக்கலாம்; சான்றுக்கு விடை சொல்லியே தீர வேண்டும்.

இரண்டு: மட்டக் கணக்கு. சாலை போடுமுன் வாசற்படிக்கும் தெருவுக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள். போட்ட பிறகும் அளந்து பாருங்கள். அளவுகோல் பேசும்போது ஆத்திரம் தேவையில்லை.

மூன்று: காலக் கணக்கு. சூலை பிறந்ததும் கால்வாயின் கடைசி வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு, எங்கே சேறு கரையிலேயே கிடக்கிறது என்று குறித்து, செப்டம்பர் 15 சபையிலே வையுங்கள். டிசம்பர் 10 சபையிலே அதே பட்டியலைத் திரும்பப் படியுங்கள். படிக்கப்படும் என்று தெரிந்த பட்டியல் மறக்கப்படுவதில்லை.

நம் பக்கமும் கடமை உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கால்வாயின்மீது படி கட்டி மூடியவர் நம் உறவினராக இருக்கலாம். சாயம் காய்ச்சிய நீரைத் தெருக்கால்வாயிலே விடுபவர் நம் நண்பராக இருக்கலாம். பட்டு நூலின் பசையை நீக்கவும் சாயம் ஏற்றவும் நல்ல நீர் வேண்டும் என்று கேட்கும் நாமே, கழிவு நீரை ஆற்றுக்கு அனுப்பிவிட்டால், நாளை எந்த நீரில் நூலை அலசுவோம்? வசதியிருந்தும் வரி செலுத்தாதவர் கேள்வி கேட்கும்போது குரல் தளரும். சொத்துவரி 2022இல் உயர்த்தப்பட்டது. வரி உயர்ந்தால் கேள்வியும் உயரட்டும், ஆனால் வரியைச் செலுத்திய கையோடு உயரட்டும். குப்பையைத் தரம் பிரிக்காமல் கொடுத்து, அதைத் தம் கைகளாலே பிரிக்கும் தூய்மைப் பணியாளரைக் குறை சொல்லாதீர்கள். கழிவுநீர்க் குழியிலே பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நம் தெருவிலே அது நடந்தால் நாமே தடுக்க வேண்டும்.

மன்றத்திலே நம்மவர் இருந்தால் மௌனம், மாற்றார் இருந்தால் முழக்கம் என்பது தொண்டர்க்கு அழகன்று. இருக்கையில் யார் அமர்ந்தாலும் தறிக்குழியிலே நிற்கும் நீர் நிறம் மாறுவதில்லை. நம்மவரிடம் கேட்கும் கேள்வி அவரைக் காக்கும்; கேட்காமல் விட்ட கேள்வி அடுத்த தேர்தலிலே அவரைக் கவிழ்க்கும்.

நெசவு நகரத்தார்க்கு நான் நெசவு கற்பிக்க வேண்டியதில்லை. பாவு நூல் எத்தனை இருந்தாலும், ஊடை ஓடாமல் துணி பிறப்பதில்லை. நகராட்சியின் பிரிவுகள் பாவு நூல்கள்; தனித்தனியே நீண்டு கிடப்பவை. அவற்றைக் குறுக்கே இணைக்கும் ஊடை, மக்களின் விடாத கேள்வி. அடுத்த பகுதிச் சபைக்கு நெசவாளத் தாய்மார்களை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். முழக்கத்தை வீட்டிலே வைத்துவிட்டு, குறிப்பேட்டைக் கையிலே எடுத்துச் செல்லுங்கள். நின்ற தறி ஒன்று ஓடத் தொடங்குமானால், நூறு மேடைகள் தராத வெற்றி அதுவே.