சென்னையிலிருந்து நேரே அமெரிக்கா எப்போது?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில். பார்க்கப் போகும் பெற்றோர் துபாயிலோ லண்டனிலோ இறங்கி விமானம் மாறணும்.

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2021 ஜனவரியில் நேரடி சேவை தொடங்கியது. நமக்கு ஏன் இல்லை? மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை 3.6 கிலோமீட்டர், நீளம் தடையில்லை. கணக்குதான் தடை. அவ்வளவு தூரம் பறக்கும் விமானத்தில் சாதாரண இருக்கையோடு, அதிகக் கட்டண பிசினஸ் வகுப்பும் தொடர்ந்து நிரம்பணும். நம்ம பயணிகளோ வளைகுடா, ஐரோப்பா வழியா பிரிஞ்சு போறாங்க. பரந்தூரில் புது விமான நிலையம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதுவரை முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் பதிவு செய்யுங்க. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று ஏற்பாடு கேட்க அதுதான் கைகொடுக்கும். டிரான்சிட் விசா தேவையான்னு பாருங்க. பெரியவங்களுக்குச் சக்கர நாற்காலியை முன்பதிவின்போதே கேளுங்க.