பள்ளிக்கூடத்துக் கணக்கும் நம்ம கணக்குதான்

(ஆலங்காயத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலை மேலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கு முதலில் நன்றி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

நம்ம குழுவில் ஐம்பது ரூபாய் இடித்தால் என்ன செய்வோம்? யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். சேமிப்பு நோட்டைப் பார்ப்போம், பாஸ்புக்கைப் பார்ப்போம், ஊக்குநரைக் கேட்போம், பிரதிநிதியைக் கேட்போம். கணக்கு நேரான பிறகுதான் தீர்மான நோட்டில் கையெழுத்து. இத்தனை வருஷமாக இப்படித்தான் நடத்துகிறோம். ஆனால் இதே நாம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் என்ன கேட்கிறோம்? "எங்க கையெழுத்துப் போடணும் சார்?" என்று மட்டும்தான் கேட்கிறோம்.

அடுத்தவர் குறையைச் சொல்லவில்லை. எங்கள் கதையையே சொல்கிறோம். மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பெற்றோராக எங்களில் நான்கு பேர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தோம். தண்ணீர் மோட்டார் பழுதாகிப் பல மாதம் கிடந்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. வயசுக்கு வந்த பிள்ளைகள் மாதத்தில் நாலைந்து நாள் வீட்டிலேயே நின்றார்கள். நாங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம், பள்ளிக்கூடத்தில் பேசவில்லை. அந்த வருஷம் வந்த மானியத்தில் சுவருக்கு வர்ணம் பூசினார்கள். அதற்கான தீர்மானத்தில் எங்கள் நான்கு பேர் கையெழுத்தும் இருந்தது. படிக்காமல் போட்டது.

எங்கள் உறுப்பினர் ஒருத்தரின் மகள் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அம்மா அப்பாவோடு காபி எஸ்டேட்டுக்குப் போனவள் திரும்பி வந்து பள்ளியில் சேரவே இல்லை. மோட்டார் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் காரணங்களில் எங்கள் கையெழுத்தும் ஒன்று. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய், "சார், செலவு நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டோம். சண்டை வரும் என்று நினைத்தோம். தலைமையாசிரியர் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்லைம்மா. நீங்க கேட்டிருந்தா மோட்டாரைத்தான் முதல்ல பார்த்திருப்போம்" என்றார். அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. பூட்டு கதவில் இல்லை, நம்ம வாயில்தான் இருந்தது.

சரி, கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு பற்றியது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் அதன் வேலை. 22-வது பிரிவு இன்னும் முக்கியம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தத் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு தன் திட்டத்தையும் மானியத்தையும் முடிவு செய்ய வேண்டும். அதாவது நாம் எழுதினால்தான் மேலே போகும். எழுதாத குறைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நம் மாநிலத்தில் 2022-ல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தலைவராக ஒரு தாய் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2024-ல் மறுபடியும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். எனவே "பொம்பளைங்க நமக்கு எதுக்கு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது பணம். முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் பள்ளி மானியம் தனி, பராமரிப்பு மானியம் தனி, ஆசிரியருக்குப் பாடப்பொருள் வாங்க 500 ரூபாய் தனி என்று வரும். 2018-ல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாக மாறியது. சில்லறை சில்லறையாக வந்ததை ஒன்றாக்கி ஒரே கூட்டு மானியமாக்கினார்கள். பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத் தொகை. வழிகாட்டுதல்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தம், சுகாதாரத்துக்கு.

இங்கே நம்ம மலைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 25 பிள்ளைகள் படிக்கிற மலைப்பள்ளிக்கு 10,000 ரூபாய். ஆனால் மோட்டார் விலை பிள்ளைகளை எண்ணிப் பார்த்தா குறைகிறது? கீழே வாங்குகிற சிமெண்டு மூட்டை மலையேறும்போது வண்டிக் கூலியும் ஏறுகிறது. வசதி இல்லை என்று பிள்ளைகள் போனால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் வசதி இன்னும் குறையும். கிணற்றில் கயிறு அறுந்த வாளி மாதிரி கீழேதான் போகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா என்ற மாநிலத்தில் 2013-ல் பள்ளிப் பணம் பிரிக்கும் முறையையே மாற்றினார்கள். தலைக்கு இவ்வளவு என்பதோடு நிற்காமல், ஏழைப் பிள்ளைகளுக்கும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கும் கூடுதல் தொகை. அதோடு ஒரு நிபந்தனை: பெற்றோரிடம் கேட்டுத்தான் செலவுத் திட்டம் எழுத வேண்டும். தேவைக்கு ஏற்ற பணம், ஊரைக் கேட்டுச் செலவு. மலைப்பள்ளிகளுக்கு நாம் கேட்க வேண்டியதும் இதுதான். தலையை எண்ணிக் கொடுப்பது போதாது, தூரத்தையும் தேவையையும் எண்ணிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு பள்ளித் திட்டத்திலும் எழுத வேண்டும்.

இன்னொரு விஷயம். மேலிருந்து பணம் வராமல் நின்றுபோவதும் உண்டு. இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. புதிய கல்விக் கொள்கை விவகாரத்தில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. பெரியவர்கள் வழக்கு பெரிய இடத்தில் நடக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் தலைமையாசிரியர் மேல் பாயக் கூடாது. "இந்த வருஷம் எவ்வளவு வந்தது? எப்போது வந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் "எப்படிச் செலவானது?" என்று கேட்க வேண்டும். வராத பணத்துக்கு அவர் எப்படிக் கணக்குக் காட்டுவார்?

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் ஒரு செய்தி. 1991 முதல் 1995 வரை அங்கே பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய் அளவுதான் பள்ளியைச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரிந்தது. அரசு என்ன செய்தது? எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று பத்திரிகையில் போட்டது. வந்த தொகையைப் பள்ளி வாசலில் எழுதி ஒட்டச் சொன்னது. சில வருஷத்தில் எண்பது ரூபாய்க்கு மேல் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. வேறு சீர்திருத்தங்களும் கூட நடந்தன என்பார்கள். இருந்தாலும் வாசலில் ஒட்டிய அந்தக் காகிதத்துக்கும் அதில் பங்கு உண்டு. காகிதம் ஒட்ட என்ன செலவு? கொஞ்சம் பசைதான்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் பத்து நிமிஷம் பள்ளிக்கூடம். மேலாண்மைக் குழுவில் இருக்கிற உறுப்பினர் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். தீர்மான நோட்டில் எழுத வேண்டும்.

2. பள்ளியில் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் கூடப் படிக்கிற பிள்ளையை அழைத்துப் போகலாம். வெட்கம் வேண்டாம்.

3. வந்த தொகை, செலவு, மீதி மூன்றையும் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கக் கேட்போம்.

4. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் முன், பிள்ளைகளையே கேட்போம். பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்போம். ஆண்கள் முன்னால் அவர்கள் கழிப்பறையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

5. மானியத்தில் முடியாததை, அதாவது சுற்றுச்சுவர், பாதை, குடிநீர்க் குழாய் போன்றவற்றை, கிராம சபையில் தீர்மானமாக வைப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நமக்குத் தெரிந்த நாட்கள்தான்.

6. பதில் கிடைக்காவிட்டால் கல்வி உதவி எண் 14417. அதற்கும் மேலே 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இது கடைசி வழி. முதலில் நேரில் போய் மரியாதையாகக் கேட்போம்.

பல பள்ளிகளில் காலை உணவு சமைப்பது நம்ம குழுப் பெண்கள்தான். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அடுப்படி வரை போய்விட்டோம். அங்கிருந்து தலைமையாசிரியர் அறைக்குப் பத்தடிதான் தூரம்.

எங்கள் பள்ளி இப்போது எப்படி? மோட்டார் ஓடுகிறது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. இரண்டாவது டீச்சர் கேட்டு எழுதியது இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் திட்டத்தில் முதல் வரியாக அதையே எழுதுகிறோம், எழுதிக்கொண்டே இருப்போம். எஸ்டேட்டுக்குப் போன அந்தப் பிள்ளையின் தங்கை இப்போது ஆறாம் வகுப்பு. மாதம் முழுக்கப் பள்ளிக்கு வருகிறாள்.

சகோதரிகளே, அடுத்த மாதம் இங்கே கூடும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு பள்ளியின் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, பிள்ளைகள் கேட்டது என்ன. இந்த மூன்று வரி போதும்.