சிறு சொல், பெரிய பொருள்





வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஒருவரையேனும் அனுப்பாத வீடு நம்மிடையே குறைவு. வேலைக் கடிதமும் ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றில் கடினமான சொல் வந்தால் யாரிடமாவது கேட்டுவிடுகிறோம். எளிய சொற்களில்தான் ஏமாந்துபோகிறோம். தெரிந்த வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அவே', 'அவுட்' என்று ஒரு சிறு சொல் சேர்ந்தால் பொருளே மாறிவிடும். இவற்றை 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 'கண்டுபிடி' என்பதைக் கண்டு, பிடி என்று பிரித்தால் பொருள் கிடைக்குமா? 'கைவிடு' என்றால் கையை விடுவது மட்டும்தானா? ஆங்கிலத்திலும் அப்படித்தான். இரண்டையும் ஒரே சொல்லாகப் படிக்க வேண்டும்.

'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பது. 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. நேர்காணலை 'புட் ஆஃப்' செய்திருந்தால் காத்திருக்கலாம். 'கால் ஆஃப்' என்றிருந்தால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. 'பாஸ் அவே' என்றால் இறந்துபோவது. வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியில் இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் வீடே நிலைகுலைந்துபோகும். படிப்பை முடித்ததையும் நம் நாட்டில் 'பாஸ் அவுட்' என்கிறோம். அயல்நாட்டு நேர்காணலில் 'கிராஜுவேட்' என்ற சொல்லே தெளிவானது.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'சைன் அப்' என்றால் பெயரைப் பதிவு செய்வது. 'சைன் ஃபார்' என்றால் பொருளையோ பணத்தையோ பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடுவது. 'சைன் அவே' என்றால் நம் உரிமையையே எழுதிக்கொடுத்துவிடுவது. கைக்கு வராத சம்பளத்துக்கு 'சைன் ஃபார்' செய்துவிட்டு, பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது எளிதல்ல.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். எழுதியதைப் புரிந்துகொண்டு கையெழுத்திடுவதும் நம் கடமையல்லவா?

மாணவர்களே, நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அகராதியில் 'சைன்' போன்ற வினைச்சொல்லை எடுத்தால், அதன் கீழேயே இந்தச் சேர்க்கைகள் இருக்கும். வாரம் ஐந்தை வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் எழுதுங்கள். இரவு உணவுக்குப் பின் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு நாளை உங்களுடையது.

பெற்றோர்களே, பொருள் விளங்காத தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். ஒரு நாள் தாமதமானாலும் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வோம். கேட்பதில் வெட்கமில்லை.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.