பின் பொருந்தினால் போதுமா?



வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டு வருகிற பொருள் பாசமா, பாரமா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி 'பாசம், பாசம்'னு மேஜையைத் தட்டிட்டுப் போனார். பாசம் இல்லைன்னு நான் சொல்ல வரல ஐயா. விவரம் இல்லாத பாசம் பாரம்னு சொல்ல வந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. டல்லாஸில் வேலை பார்க்கிற மகன், லீவுக்கு வந்தப்போ அப்பாவுக்காக ஒரு நெபுலைசர் மெஷினைத் துணிமணிக்கு நடுவுல பச்சைக் குழந்தை மாதிரி பொத்திக் கொண்டு வந்தான். நம்ம ஊர் பிளக்குல நுழையல. கடையில ஒரு பின் மாற்றி வாங்கினோம். பொருந்திடுச்சு! புதுசு வந்துடுச்சேன்னு பழைய மெஷினைப் பக்கத்துத் தெருப் பாட்டிக்குக் கொடுத்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே அவருக்கு இழுப்பு. சுவிட்சைப் போட்டேன். ஒரு உறுமல், ஒரு கருகல் வாடை... மெஷின் போச்சு! அவர் மூச்சுக்குத் தவிக்கிறார். மகன் நடுராத்திரியில ஓடி, பாட்டி வீட்டுக் கதவைத் தட்டி, பழைய மெஷினை வாங்கிட்டு வந்தப்புறம்தான் அவருக்கு மூச்சு சீராச்சு. 'அப்பாவுக்கு நானே எமனாகப் பார்த்தேனேம்மா'ன்னு மகன் அழுதான் ஐயா.

தப்பு எங்கே? அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்ம ஊரில் 230. பின் மாற்றி பின்னைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. மாப்பிள்ளைக்கு வேட்டியை மாத்தலாம், குணத்தை மாத்த முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

அதே பெட்டியில் வந்த லேப்டாப் சார்ஜருக்கு ஒண்ணும் ஆகல. ஏன்? அதன் முதுகில் பொடி எழுத்தில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்'னு இருந்தது. அந்த வரி இருந்தா பின் மாற்றி போதும். '120' மட்டும் இருந்தா இங்கே நேரா சொருகாதீங்க.

இங்கேயிருந்து மிக்ஸி தூக்கிட்டுப் போற தாய்மார்களே! நம்ம 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகும், மாவு அரைக்காது. 110 வோல்ட் மிக்ஸின்னு கேட்டு வாங்குங்க. பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வையுங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா, பக்கத்தில் இருந்தால் அணைக்கலாம். விமானத்தின் அடிவயிற்றில் கிடந்தா யார் அணைப்பது?

பாசத்தைப் பெட்டி நிறையக் கொண்டு வாங்க பிள்ளைகளே. கூடவே அந்தப் பொடி எழுத்தையும் படிச்சுட்டு வாங்க.